பந்து அசைவதற்கு முந்தைய விநாடிகள்

இந்த வேலையில் சேர்ந்த முதல் மூன்று வாரமும், பந்தைக் கையில் வைத்திருக்கும் அந்த மனிதர் ஏதோ குற்றம் செய்துவிட்டார் என்றுதான் நம்பியிருந்தேன். இல்லாவிட்டால் எதற்கு இத்தனை பேர், அதுவும் இவ்வளவு பெரியவர்கள், அவரைத் துரத்த வேண்டும்? நடுவர்களும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நீதிமுறை பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமே உருவாகிவிட்டது. நாலாவது வாரம்தான் தெரிந்தது, அந்த அணியிலேயே ஆகக் கூடிய சம்பளம் அவருக்குத்தான் என்று.

அப்படிப்பட்ட நான் அதற்குப் பிறகு பதினொரு வருடம், நியூசிலாந்தில், ஹென்டர்சனில் டயர் கடைக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவே இருக்கும் இதே கந்தோரில் உட்கார்ந்து, அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துச் சீவித்தேன். அந்தப் பந்தை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. அவர்கள் தூங்கும்போது நாங்கள் விழித்திருக்கிறோம் என்ற ஒரே தகுதியில், பனி கொட்டும் ஏதோ ஒரு நகரத்தின் தொழில்முறை அணி தன் ஆட்டங்களின் வீடியோவை எங்களிடம் அனுப்பியது. நாங்கள் வெட்டி, பிரித்து, குறித்து, அவர்கள் காலைக் கோப்பி குடிக்கும்போது திருப்பி அனுப்பினோம்.

நான் ஓய்வு பெற்றபோது முதலாளி முரளி, "புதுசா வர்ற பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே" என்றார். ஆங்கிலத்தில் எழுதினால் என்னை நானே மிகுந்த மரியாதையோடு நடத்திவிடுவேன். தமிழில் அந்த ஆபத்துக் குறைவு. உங்களில் இங்கே பிறந்தவர்கள் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்டு வாசித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது இரண்டு நாளில் பழகிவிடும். ஒரு புதன்கிழமை காலை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சங்கதி விளங்கினால் போதும். ஆட்டம் நின்று நின்று தொடங்கும். ஒவ்வொரு தடவையும் பந்து அசைந்ததும், அதைத் தன் ஆளுக்கு எறிபவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அவருக்கு முன்னால் அவருடைய ஆட்கள் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். எதிரணியில் நாலு பேர், அந்தச் சுவரை உடைத்துக்கொண்டோ சுற்றிக்கொண்டோ அவரைப் பிடிக்கப் பாய்வார்கள். இந்தப் பாய்ச்சலுக்குப் பெயர் பாஸ் ரஷ். அது வலுவாக இருந்தால் எப்பேர்ப்பட்ட எறிகாரரும் பதறுவார். வலுவில்லாவிட்டால் அவர் பேப்பர் படித்து முடித்துவிட்டு எறியலாம்.

எங்கள் அணிக்கு எதிராக, அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய சீசனின் கடைசிப் பாதியில் எல்லாரும் பேப்பர் படித்துவிட்டுத்தான் எறிந்தார்கள். பழைய கோச்மார் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாய்ச்சலுக்குப் பொறுப்பாக வந்த புதுக் கோச் எங்களுக்கு எழுதினார்: 'அடுத்த சீசன் தொடங்குவதற்குள் இதைத் திருத்த வேண்டும். யார் இருக்கலாம், யார் போகலாம்? கடந்த மூன்று சீசனையும் பார்த்துச் சொல்லுங்கள்.'

ஆட்களின் பெயரை நாங்கள் பாவிப்பதில்லை. சட்டையில் உள்ள எண்தான். ஐம்பத்தேழு என்பவர் நட்சத்திரம். ஓரத்தில் நிற்பார், மின்னல் மாதிரிப் பாய்வார், எறிபவரை வீழ்த்திவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்வார். அவருக்கு அடுத்து உள்பக்கம் நிற்பவர் தொண்ணூற்றுநாலு. இரண்டு தடவை முழங்கால் வெட்டித் தைத்தவர். அந்தக் கடைசிப் பாதி சீசன் முழுக்க காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு களத்துக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர். நாங்கள் குறித்த எதிலும் அவர் இல்லை. வீழ்த்தல் இல்லை, துரத்தல் இல்லை, எறிபவரின் சட்டையைக்கூடத் தொட்டதில்லை.

அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதிவிட்டு என் எழுத்தை நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். 'தொண்ணூற்றுநாலு களத்தில் இருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. ஏன் இருந்தார் என்பதற்கு இல்லை.'

கோச்சுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மற்றக் கோச்மாருக்கு வாசித்துக் காட்டியதாகவும், எல்லாரும் சிரித்ததாகவும் பதில் போட்டார். அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவ வாசித்துவிட்டு, "நல்ல பகிடி. இப்ப ஆருடைய வேலை போகப்போகுது?" என்றா.

அது என் காதில் விழுந்தது. அதற்குமேல் உள்ளே போகவில்லை.

யார் இருக்கலாம், யார் போகலாம் என்று அவர்கள் முடிவெடுக்கும் கூட்டம் அங்கே செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு. எங்களுக்கு அது புதன் காலை பதினொன்று. பெப்ரவரி மாதம். கந்தோரில் இரண்டு விசிறி ஓடியும் கழுத்தில் வேர்வை ஒழுகியது. எட்டரை மணி இருக்கும். நியூ லின்னிலிருந்து ரயிலில் வரும் செல்வி தன் மேசையில் இருந்து கூப்பிட்டாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, சேர்ந்து எட்டு மாதம்தான்.

"அண்ணா, இந்தத் தொண்ணூத்திநாலு என்ன பண்றாரு, வந்து பாருங்களேன்."

ஒரு துண்டு பழுதாகிவிட்டதால், வெட்டாத மூல வீடியோவைத் திறந்திருக்கிறாள். கை முழுக்கச் சட்னி. மவுசைத் தொட முடியவில்லை. அதனால் வீடியோ தன்பாட்டில் ஓடியிருக்கிறது. நாங்கள் யாரும் பார்க்காத பகுதி.

ஏன் பார்ப்பதில்லை என்றால், பார்க்கத் தேவையில்லை என்று விதி போட்டவன் நான். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் பத்துப் பதினைந்து விநாடி எல்லாரும் சும்மா குனிந்து நிற்பார்கள். அதை வெட்டிவிட்டு, பந்து அசையும் கணத்திலிருந்து மட்டும் துண்டு எடுக்க வேண்டும் என்று சேர்ந்த சில மாதத்திலேயே ஒழுங்கு செய்தேன். நெத்தலி மீனுக்குத் தலை கிள்ளுவது போல. நேரம் மிச்சம், இடம் மிச்சம். முரளி அதற்காக எல்லார் முன்னிலும் என்னைப் பாராட்டி ஒரு கேக்கும் வெட்டினார்.

திரையைப் பார்த்தேன். பின்பக்கக் காமரா. நாலு பேரும் குனிந்து நிற்கிறார்கள். தொண்ணூற்றுநாலின் ஒரு கை தரையில். மற்றக் கை தொடைக்குப் பின்னால்.

"என்ன, சொறியிறார். வேர்வை."

"பனி கொட்டுதுண்ணா. எங்க வேர்வை?"

"அப்ப குளிருக்குச் சொறியிறார்."

"ஒவ்வொரு வாட்டியும் பந்து அசையறதுக்குக் கொஞ்சம் முன்னாடியேவா?"

அடுத்ததைப் போட்டாள். அடுத்ததை. விரல்கள் சில தடவை மடிந்தன, சில தடவை விரிந்தன. பக்கத்தில் ஐம்பத்தேழின் தலை ஒரு துளி சாய்ந்து, அந்தக் கையைப் பார்த்து, திரும்பியது. பந்து அசைந்தது. விரல் மடிந்தபோதெல்லாம் ஐம்பத்தேழு உள்பக்கம் பாய்ந்தார். விரிந்தபோது வெளிப்பக்கம். அவர் போன பக்கத்தில்தான் சுவர் திறந்திருந்தது.

நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

கை காட்டுவது இந்த ஆட்டத்தில் புதிதல்ல. கோச் வெளியிலிருந்து சொல்லும் திட்டத்தை ஆளுக்காள் கடத்துவார்கள். ஆனால் அதை வரிசையில் வந்து நின்றதும் காட்டிவிடுவார்கள். இந்த மனிதர் கடைசி விநாடிவரை காத்திருந்தார். எதிரே நிற்கும் அந்த ஐந்து மலைகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். பிறகுதான் விரல் அசைந்தது.

"உள்ள," என்றாள் செல்வி. உள்ளே போனார்.

"வெளியில," என்றேன் நான். வெளியே போனார்.

இருபது, முப்பது பாய்ச்சல் இப்படிப் பார்த்தோம். அப்போது இன்னொன்றும் கண்ணில் படத் தொடங்கியிருந்தது. விரலைக் காட்டிய பிறகு அவர் தானும் பாய்ந்தார். ஐம்பத்தேழு போகும் பக்கத்துக்கு அல்ல, எதிர்ப்பக்கத்துக்கு. அங்கே இரண்டு பேர்மீது தன்னை எறிந்து, அவர்களை அந்தப் பக்கமே பிடித்துவைத்தார். அந்தப் பழுதான முழங்காலில் விழுந்தார். சனம் எழுந்து நின்று ஐம்பத்தேழுக்குக் கத்தியது, ஐம்பத்தேழு நெஞ்சில் அடித்துக்கொண்டார், காமராக்காரனும் அங்கேதான் ஓடினான். திரையின் மூலையில் தொண்ணூற்றுநாலு கையூன்றி எழுந்து, நொண்டிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார். நடக்கும்போதே எதிரணியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அடுத்த பாய்ச்சலுக்கான வாசிப்பு அவருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்? படத்தை நிறுத்தினோம், பெரிதாக்கினோம். எதிராளியின் குதிகால், தரையில் ஊன்றிய விரல், தோளின் சாய்வு எல்லாம் தேடினோம். ஒன்றும் இல்லை. எங்கள் திரையில் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோன ஏதோ ஒன்று, அவருக்கு அங்கே, தலைக்கவசத்தின் கம்பிக்குள்ளிருந்து, எழுத்துப் போலத் தெரிந்திருக்கிறது. நான் கொஞ்சம் புத்தகம் வாசித்தவன். வாசிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றும் நினைத்திருந்தவன். அன்று காலை அந்தக் கதிரையில் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

கடைசிப் பாதி சீசனைப் போட்டோம், அவர் இல்லாத ஆட்டங்கள். ஐம்பத்தேழு அதே வேகம், அதே கால். பாய்ந்த பக்கமெல்லாம் சுவர். ஒவ்வொரு தடவையும் பந்து அசைவதற்கு முன் அவர் தலை பழக்கத்தில் உள்பக்கம் சாய்ந்தது. அங்கே நின்ற புது ஆளின் கை சும்மா தொங்கியது.

மணி ஒன்பதே கால். முரளியைக் கூப்பிட்டேன். மலேசியாவிலிருந்து வந்து இரவல் மேசையில் இந்தக் கம்பனியைத் தொடங்கியவர். கிளையண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே சட்டையைச் சரிசெய்பவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ரிப்போர்ட்டு போயிருச்சேண்ணே. இப்பப் போயி தப்புன்னா, அப்ப இத்தன வருசமும் தப்பான்னு கேப்பானே லா?"

"கேப்பான். ஓம் எண்டு சொல்லோணும்."

"கிளையண்ட் போயிரும்ணே." சட்டையைச் சரிசெய்தார். "ஒண்ணு செய்யலாம். கூடுதல் தகவல்னு ஒரு நோட்டு அனுப்புங்க. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சோம்னு. அழகா இருக்கும். தப்புக் கிப்புன்னு எதுவும் எழுத வேணாம்."

பிள்ளைகளே, நான் மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்து எழுதினேன். கால் மணித்தியாலத்தில் ஒரு பக்கம். அபாரமான ஒரு பக்கம். அந்த ரகசிய விரல்களைப் பற்றி உவமையோடு எழுதியிருந்தேன். அறிக்கை அப்படியே இருந்தது. அதில் நான் போட்ட தரவரிசையின் கடைசியில் தொண்ணூற்றுநாலும் அப்படியே இருந்தார். அனுப்ப முன் செல்வியிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

வாசித்தாள். "நல்லாருக்குண்ணா."

"பிறகென்ன முகம்?"

"இதப் படிச்சா அவர வச்சுக்குவாங்களா?"

நான் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன்.

"இதப் படிச்சா உங்களத்தான் வச்சுக்குவாங்க," என்றாள்.

முரளி என்னைப் பார்த்தார். நான் முரளியைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "கூப்பிடுங்கண்ணே," என்றார். அவரைப் பற்றி நான் எத்தனையோ பகிடி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காக எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன்.

பத்து மணிக்கு கோச் திரையில் வந்தார். தடித்த மேலங்கி, தலையில் தொப்பி, ஜன்னலுக்கு வெளியே பனி. நாங்கள் மூன்று பேரும் அரைக்கைச் சட்டையில் விசிறிக்கு முன்னால். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. வீரர்களின் பெயர்த் தகடுகள் காந்தத்தில் ஒட்டியிருந்தன. ஒரு தகடு மட்டும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது.

"வாங்க, பகிடிக்காரரே! இன்னொரு வாக்கியம் வைத்திருக்கிறீர்களா?" என்றார்.

"அந்த வாக்கியம் பிழை," என்றேன். "அறிக்கையும் பிழை. தயவுசெய்து அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்."

சிரிப்பு முகத்தில் இருந்து மெல்லக் கழன்றது. "எந்தப் பகுதி பிழை?"

"அடிப்படையே. பந்து அசைவதற்கு முன்னால் நடப்பதை எல்லாம் வெட்டித்தான் உங்களுக்கு அனுப்பிவந்திருக்கிறோம்."

"யார் போட்ட விதி?"

"நான்."

"ஏன்?"

"நேரம் மிச்சம் என்று."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "காட்டு," என்றார்.

செல்வி காட்டினாள். பந்து அசைய முன்னமே ஒவ்வொரு தடவையும் அவள் ஆங்கிலத்தில் உள்ளே, வெளியே என்று சொல்லிக்கொண்டு போனாள். மூன்றாவதில் கோச் எழுந்து நின்றார். நாலாவதில் ஏதோ அலமாரியைத் திறந்து, பழைய கோச் விட்டுப்போன திட்டத் தாள்களைத் தேடி எடுத்தார். "இந்தப் பாய்ச்சலுக்குத் தாளில் இருப்பது வெளியே," என்றார். விரல் மடிந்தது. ஐம்பத்தேழு உள்ளே போய் எறிபவரைத் தூக்கி அடித்தார். இன்னொரு தாள். உள்ளே என்று இருந்தது. விரல் விரிந்தது.

கோச் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அறைக்குள்தான் இருந்தார், மரியாதைக்குக் கழற்றினாரோ, வேர்த்ததோ, எனக்குத் தெரியாது. பக்கத்து டயர் கடையில் யாரோ நட்டுக் கழற்றும் சத்தம் கேட்டது.

"பத்து வருடம் நானே அந்த இடத்தில் குனிந்து நின்றிருக்கிறேன்," என்றார் கடைசியில். "எனக்கு எதிரே ஒன்றுமே தெரிந்ததில்லை. இந்த மனிதர் யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை." பிறகு செல்வியைப் பார்த்து, "நீ எப்படிப் பார்த்தாய்?" என்றார்.

"சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "கை அழுக்கு. தள்ளிவிட முடியவில்லை."

அவர் பலகைக்குப் போய் ஓரத்துத் தகட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு நடுவில் ஒட்டினார். "வெட்டிய விநாடி எல்லாம் எனக்கு வேண்டும். மூன்று வருடத்துக்கும்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். அதைச் செய்ய எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. கிளையண்ட் போகவில்லை. என்னுடைய விதி போய்விட்டது.

அந்த அணி தன் பாய்ச்சலை எப்படி வலுப்படுத்தியது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் பலவாறு எழுதின. உண்மையில் அவர்கள் செய்தது இவ்வளவுதான். பெரிய நட்சத்திரம் எவரையும் கொண்டுவரவில்லை. யாரும் கேள்விப்பட்டிராத ஒரு கனத்த மனிதரைப் பிடித்து, தொண்ணூற்றுநாலின் மறுபக்கத்தில் நிறுத்தினார்கள். எதிரணியின் அந்த இரண்டு பேரின் அடியையும் இனி அவர் வாங்கிக்கொள்வார். தொண்ணூற்றுநாலின் முழங்கால் தப்பும். அவருடைய வேலை எதிராளியை வாசிப்பது மட்டும். அடுத்த சீசனில் எங்கள் அணிக்கு எதிராக ஒருவரும் பேப்பர் படிக்கவில்லை.

வெட்டாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். வெட்டாமல் இந்தத் தொழில் இல்லை. எதை வெட்டுகிறீர்களோ அங்கே ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்பதை மட்டும் மாதத்துக்கு ஒருக்கால் நினைத்து, ஒரு முழு வீடியோவைக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். பிழைவிட்டால், எது உங்களுக்கு ஆகக் கூடிய வெட்கமோ அதை முதல் வரியில் எழுதுங்கள். பதினாலாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் உண்மையால் ஒருவருடைய இடமும் தப்பியதில்லை. அந்த அழகான ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

இன்னொன்று. அடுத்த சீசன் தொடங்கியதும், செல்வியும் நானும் முதல் வேலையாக அந்தக் கையைத் தேடினோம். கை தரையில் சும்மா இருந்தது. இரண்டு கையும். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று கோச் சொன்ன அன்றே தொண்ணூற்றுநாலு முறையை மாற்றியிருக்கிறார். ஆனால் ஐம்பத்தேழு மறுபடி சரியான பக்கமே பாய்ந்துகொண்டிருந்தார். எப்படிச் சொல்கிறார்? காலா, முதுகா? குளிரில் மூச்சு விடும் புகையா என்றாள் செல்வி. வெயில் காலத்து ஆட்டத்திலும் அது நடந்தது. தலை வெட்டாத முழு வீடியோ எங்களிடம் இருந்தது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தும் இருந்தது. ஒரு சீசன் முழுக்கத் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. என் வாழ்க்கையில் இப்படி மகிழ்ச்சியாக நான் தோற்றதில்லை.

சீசன் முடிந்ததும் கோச் கூப்பிட்டார். அவர்கள் கிண்ணம் வெல்லவில்லை. கிட்டத்தில் போய் வந்தார்கள். வேலைப் பேச்செல்லாம் முடிந்தபின், "தொண்ணூற்றுநாலு உங்களைப் பற்றிக் கேட்டார்," என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒப்புக்கொள்கிறேன், கையொப்பம் போட்ட சட்டை ஒன்று வந்தால் வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட அந்த நொடியில் தீர்மானித்துவிட்டேன். செல்வியும் கதிரையைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"என்ன கேட்டார்?"

"கையைக் கண்டுபிடித்தது நியூசிலாந்தில் இருக்கும் இரண்டு பேர் என்று சொன்னேன்," என்றார் கோச். "'அந்த ஊரில் ஆட்களுக்கு வேறு வேலை கிடையாதா?' என்று கேட்டார்."